கல்முனைக் கரையில் அந்நியராட்சிக் காலத்து மனைகளும் சின்னங்களும்

தொல்பொருள் என்னும் சொல்லைக் கேட்டவுடன் நம் மாணவர் உள்ளத்தில் எழுவன அனுராதபுரத்துத் தூபிகளும், பொலன்னறுவைச் சிவன் கோயில்களும், தஞ்சைப் பெருவுடையார் விமானமுமே. கடந்த நானூறு ஆண்டுகளில் எழுந்த கட்டடங்களை வரலாற்றுச் சான்றாகக் கொள்ளும் வழக்கம் நம்மிடையே இன்னும் வேரூன்றவில்லை. கோட்டையாயின் ஒருகால் நின்று பார்ப்போம். பழைய வீடாயின், இடிக்காமல் வைத்திருக்கிறார்களே என்று வியந்து அப்பாற் செல்வோம். ஆயினும் ஒரு நாட்டு மக்கள் எவ்வாறு வாழ்ந்தனர், எதனால் செல்வம் பெற்றனர், யாரோடு கொண்டும் கொடுத்தும் உறவாடினர் என்பவற்றை அரசர் எடுத்த தூபிகளைக் காட்டிலும் குடிகள் வாழ்ந்த மனைகளே தெளிவாக உரைப்பன. இக்கருத்தைக் கல்முனை முதல் மட்டக்களப்பு வரையுள்ள கரையோரத்தை எடுத்துக்காட்டாகக் கொண்டு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கரையும் அதன் வரலாறும்

இன்று அம்பாறை மாவட்டம் எனப்படுவது 1961ஆம் ஆண்டில் மட்டக்களப்பு மாவட்டத்தினின்றும் பிரிக்கப்பட்டது. அதற்கு முன்னர் கரைவாகுப் பற்று, சம்மாந்துறைப் பற்று, நிந்தவூர்ப் பற்று, அக்கரைப் பற்று முதலியன யாவும் மட்டக்களப்புக் கச்சேரியின் ஆட்சிக்கு உட்பட்டிருந்தன. ஆதலின் கல்முனையின் வரலாற்றை மட்டக்களப்பின் வரலாற்றிலிருந்து பிரித்தெழுதுதல் இயலாது. மேற்கே வயலும் வாவியும், கிழக்கே கடலும், இடையே ஒடுங்கிய மணல்நிலமும் கொண்ட இக்கரையில், தமிழ் பேசும் முசுலிம் ஊர்களும் இந்து ஊர்களும் ஒன்றையடுத்து ஒன்றாக, நூலிற் கோத்த மணிபோல அமைந்துள்ளன. மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் என வரும் ஊர்வரிசையே இதற்குச் சான்று. சம்மாந்துறை என்னும் பெயர் ‘சம்பான் துறை’ என்பதன் மரூஉ என்பர். வாவி வழியாகத் தோணியும் சம்பானும் வந்து நெல்லேற்றிச் சென்ற காலத்தை அப்பெயர் நினைவூட்டுகின்றது.

ஐரோப்பியர் இக்கரையில் கால்வைத்த வரலாறும் சுவையுடையது. 1602ஆம் ஆண்டில் ஒல்லாந்தக் கப்பற்றலைவன் யோரிசு வான் இசுப்பில்பேர்கன் மட்டக்களப்புக் கரையில் வந்திறங்கி, அங்கிருந்து கண்டிக்குச் சென்று விமலதருமசூரியனைக் கண்டான். அடுத்த ஆண்டில் அவ்வழியே வந்த செபால்ட் டி வேர்ட் என்பான், அரசனோடு முரண்பட்டு, மட்டக்களப்பிலேயே கொல்லப்பட்டான். போர்த்துக்கேயர் தம் ஆட்சிப்பகுதிகளிலிருந்து முசுலிம்களை வெளியேற்றியபோது, கண்டியரசன் செனரத் 1626ஆம் ஆண்டளவில் அவர்களுள் ஏறக்குறைய 4,000 பேரை மட்டக்களப்புப் பகுதியிற் குடியேற்றினான் என்பது அக்காலத்துப் போர்த்துக்கேய வரலாற்றுக் குறிப்புகளிலிருந்து எடுத்துக் கூறப்படும் செய்தி. அதற்கு முன்னரும் முசுலிம்கள் இங்கு வாழ்ந்தனர் எனினும், நாடிழந்து வந்தோர்க்கு இக்கரை நிலமும் நீரும் கொடுத்தது என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

மட்டக்களப்புக் கோட்டை

கல்முனையிலிருந்து வடக்கே ஏறக்குறைய இருபத்தைந்து மைல் சென்றால் புளியந்தீவை அடையலாம். அங்கு வாவியோரமாக நான்கு கொத்தளங்களுடன் நிற்பது மட்டக்களப்புக் கோட்டை. போர்த்துக்கேயர் 1628ஆம் ஆண்டளவில் இதனை எடுத்தனர். பத்தாண்டுகள் கழியுமுன்னரே, 1638ஆம் ஆண்டு மே மாதம் 18ஆம் நாள், ஒல்லாந்தத் தளபதி வெசுட்டர்வோல்ட் இதனைக் கைப்பற்றினான். இரண்டாம் இராசசிங்கனின் படையும் அவனோடு நின்றது. இலங்கையிற் போர்த்துக்கேயர் ஒல்லாந்தரிடம் இழந்த முதற்கோட்டை இதுவே. பின்னர் ஒல்லாந்தர் இதனைத் திருத்தியும் பெருக்கியும் அமைத்தனர். இன்று நாம் காண்பது பெரும்பாலும் அவர் விட்டுச் சென்ற கோட்டையே.

கோட்டை வீழ்ந்த ஐந்தாம் நாள், மே 23இல், அரசனுக்கும் ஒல்லாந்தருக்கும் மட்டக்களப்பில் ஓர் உடன்படிக்கை ஏற்பட்டது. போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றும் கோட்டைகளில் ஒல்லாந்தப் படை தங்குவது ‘அரசன் விரும்பினால்’ என்னும் நிபந்தனைக்கு உட்பட்டது என்று அரசன் கருதினான். ஒல்லாந்தர் தம்மிடம் வைத்திருந்த படியிலோ அச்சொற்கள் காணப்படவில்லை. இருபது ஆண்டுகளுக்குப் பின் கரைநாடு முழுவதும் ஒல்லாந்தர் வசமானமைக்கு வித்து இந்த வாசக வேறுபாட்டில் இருந்தது எனலாம். ‘இஞ்சியைக் கொடுத்து மிளகாயை வாங்கியது போல’ என்று சிங்கள மக்கள் வழங்கும் பழமொழி இந்நிகழ்ச்சியைக் குறித்தே எழுந்தது என்பர். ஓர் உடன்படிக்கையை எழுத்தெண்ணிப் படிக்க வேண்டியதன் அருமையை மாணவர்க்குக் கற்பிக்க இக்கோட்டை வாயிலைக் காட்டிலும் ஏற்ற வகுப்பறை வேறு யாது?

1795ஆம் ஆண்டு செத்தெம்பரில் கோட்டை ஆங்கிலேயர் வசமாயிற்று. அதன்பின் அதற்குப் போர்த்தொழில் இல்லை; எழுதுகோலின் தொழிலே எஞ்சியது. கச்சேரியும் அதனைச் சார்ந்த அலுவலகங்களும் நெடுங்காலம் அதனுள் இயங்கின. கல்முனைக் காணிக்காரர் ஒருவர்க்கு வரிக்கணக்கில் ஐயம் தோன்றினும், சம்மாந்துறைப் போடியார் ஒருவர்க்கு நீர்ப்பாய்ச்சலில் வழக்கு நேரினும், வந்து நிற்க வேண்டிய இடம் இதுவே. இக்கோட்டை அழியாது நின்றமைக்குக் காரணமும் அதுவே. பயன்பாட்டிலுள்ள கட்டடமே நிலைக்கும். பூட்டி வைத்த கட்டடத்தை ஆலமரத்தின் வேர் தின்றுவிடும். இவ்வுண்மையைப் பின்னரும் நினைவிற் கொள்வோம்.

பள்ளிகளும் பாலமும்

ஆங்கிலேயர் காலத்துச் சின்னங்களுள் முதலில் வைத்து எண்ணத்தக்கவை கல்விக்கூடங்கள். 1814ஆம் ஆண்டில் இலங்கைக்கு வந்த வெசுலியன் தொண்டர் குழாத்தைச் சேர்ந்த வில்லியம் ஓல்ட் என்பார் மட்டக்களப்பை அடைந்து பாடசாலை தொடங்கினார். ஓராண்டு நிறையுமுன்னரே, 1815 ஏப்பிரலில், நோய்வாய்ப்பட்டு அங்கேயே மறைந்தார். அவர் இட்ட வித்தே மெதடித்த மத்திய கல்லூரி. கல்முனையிலும் அச்சபையார் பாடசாலை நிறுவினர். காரைதீவில் 1892இற் பிறந்த மயில்வாகனம் என்னும் சிறுவர் தம் ஆங்கிலக் கல்வியைக் கல்முனை மிசன் பாடசாலையில் தொடங்கி, மட்டக்களப்புப் புனித மிக்கேல் கல்லூரியில் தொடர்ந்து, பின்னர் சுவாமி விபுலாநந்தராகி, 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியராயமர்ந்து, 1947இல் ‘யாழ் நூல்’ தந்தமை யாவரும் அறிந்ததே. காரைதீவில் அடிகள் பிறந்த இல்லத்தை ஊரவர் நினைவிடமாகப் போற்றி வருகின்றனர். இக்கரையில் அந்நியராட்சிக் காலத்துக் குடிமனையொன்று போற்றப்படுவதற்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு இல்லை. ஆயினும் அது வாழ்ந்தவரின் பெருமையால் நின்றதே அன்றி, மனை என்னும் தகுதியால் நின்றதன்று. பெரியார் பிறவாத மனைகளின் கதி யாது என்பதே நம் வினா.

கல்முனைக்கும் மட்டக்களப்புக்கும் இடையே வாவியைக் கடப்பது ஒருகாலத்தில் தோணித்துறையை நம்பிய செயல். 1924ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட கல்லடி இரும்புப் பாலம் அந்நிலையை மாற்றிற்று. அன்றைய தேசாதிபதி மனிங் என்பவரின் துணைவியார் பெயரால் அது வழங்கிற்று. 2013இல் அதன் அருகே புதிய பாலம் திறக்கப்பட்டபோது பழையதை அகற்றாது விட்டனர். பாலத்தடியில் நிலாக்காலத்தில் ‘மீன் பாடுவதை’க் கேட்க வருவோர், தலைக்குமேல் நிற்கும் இரும்பும் ஒரு வரலாற்று ஏடு என்பதைச் சிந்திப்பாராக.

கல்முனைக்குடியிற் கடற்கரைப் பள்ளிவாசல் நிற்கின்றது. நாகூரில் அடக்கம் பெற்ற சாகுல் அமீது ஆண்டகையின் நினைவாக அமைந்தது அது. ஆண்டுதோறும் அங்கு நிகழும் கொடியேற்று விழாவில் முசுலிம்களன்றி இந்துக்களும் பங்குகொள்ளும் வழக்கம் உண்டு. சோழமண்டலக் கரைக்கும் நம் கரைக்கும் இடையே பாய்மரக் கப்பல்கள் ஓடிய காலத்தின் சமயச்சின்னம் அது. எந்த ஐரோப்பியனும் கட்டாதது. எனினும் அதே காலத்துக் கடல்வாணிகத்தின் விளைவு.

குடிமக்கள் மனை

இனி, மனைகளைப் பார்ப்போம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை இக்கரையில் மண்சுவரும் கிடுகுக்கூரையுமே பெருவழக்கு. தேசாதிபதி சேர் என்றி வாட் (1855–1860) மட்டக்களப்புப் பகுதியைச் சுற்றிப்பார்த்து, எறக்காமம் முதலிய குளங்களைத் திருத்தத் தொடங்கிய பின்னரும், 1856இல் நீர்ப்பாசனச் சட்டம் பிறந்த பின்னரும், வயல்வருவாய் பெருகிற்று. கரையோரத்திலே தென்னையும் பெருகிற்று. நெல்லும் தேங்காயும் கொடுத்த பொருளே போடிமாரும் முதலியார்மாரும் வணிகரும் எடுத்த ‘கல்வீடு’களின் மூலதனம். 1921இல் வெளிவந்த எசு. ஓ. கனகரத்தினம் அவர்களின் மட்டக்களப்பு மாவட்ட நூலும், 1964இல் வெளிவந்த வித்துவான் வீ. சீ. கந்தையா அவர்களின் ‘மட்டக்களப்புத் தமிழகம்’ என்னும் நூலும் அச்சமுதாயத்தைப் பயில விழைவோர்க்குச் சிறந்த வழிகாட்டிகள்.

அக்கல்வீடு எத்தகையது? தடித்த சுவர், சுண்ணாம்புச் சாந்து, தெருவை நோக்கிய நீண்ட விறாந்தை, அதனைத் தாங்கும் தூண்கள், விருந்தினரை இருத்தும் மண்டபம், பெண்டிர் புழங்கும் உட்பகுதி, பின்புறம் குசினியும் கிணறும், சுற்றிலும் தென்னை நிற்கும் வளவு. ஒல்லாந்தர் வீட்டின் விறாந்தையும் தமிழர் வீட்டின் திண்ணையும் இதிற் கைகோத்து நிற்கின்றன. கூரையோடு பற்றி ஒன்று கூற வேண்டும். மங்களூரில் பாசல் மிசனரிமார் 1865இல் ஓட்டுத்தொழிற்சாலை தொடங்கிய பின், மேற்குக்கரைத் தட்டையோடு கப்பலேறிப் பல நாடுகளுக்குச் சென்றது. அத்தகைய ஓட்டின் அடிப்புறத்தில் செய்தோர் பெயர் பொறிக்கப்பட்டிருக்கும். ஓர் ஓட்டைக் கழற்றித் திருப்பிப் பார்க்கும் மாணவன், அக்கூரை இன்ன காலத்துக்கு முற்பட்டதாதல் இயலாது என்று துணிந்து கூறலாம். கல்வெட்டைப் படிப்பதுபோல ஓட்டையும் படிக்கலாம் என்பதை அவன் அன்று உணர்வான்.

மனையைக் காட்டிலும் மனைக்குரிய சொற்கள் நெடுநாள் வாழ்கின்றன. யன்னல், விறாந்தை, குசினி, அலுமாரி, மேசை, கதிரை, வாங்கு, சாவி என்பன போர்த்துக்கேயர் வழியாக வந்தவை. கந்தோர், நொத்தாரிசு, கக்கூசு என்பன ஒல்லாந்தர் தந்தவை. போர்த்துக்கேயர் இக்கரையை விட்டகன்று ஏறக்குறைய நானூறு ஆண்டுகளாகின்றன; கல்முனையில் இன்றும் ஒரு தாய் தன் மகளிடம் ‘குசினி யன்னலைச் சாத்து’ என்கிறாள். அவள் வாயில் வருவது கலப்பற்ற வரலாறு.

இக்கரையின் மனைக்கு வேறொரு தனிச்சிறப்பும் உண்டு. வீடு இங்குப் பெண்ணின் உடைமை. மகளுக்கு மணம் பேசும்போதே வீட்டைச் சீதனமாக எழுதிக் கொடுப்பதும், மணமகன் அவ்வீட்டிற் குடிபுகுவதும், பெற்றோர் அருகே வேறொரு சிறுமனைக்குப் பெயர்வதும், தாய்வழியே ‘குடி’ கணிப்பதும் இந்துக்களுக்கும் முசுலிம்களுக்கும் பொதுவான வழக்கங்கள். மட்டக்களப்புக்கு உரியதாயிருந்த முக்குவர் சட்டம் 1876ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்துடன் வழக்கொழிந்தது. முசுலிம்களுக்குத் தனிச்சட்டம் வேறிருந்தது. சட்டம் பிரிந்து நின்றபோதும் வழக்கம் ஒன்றாகவே நின்றது. ஒரு சீதன உறுதியை எடுத்து, எழுதியவர் இந்துவோ முசுலிமோ என்பதைப் பெயரை மறைத்துவிட்டுக் கூறுக என்றால், நம்மிற் பலர் திகைப்பர். இரு சமூகமும் அயலவராக மட்டுமன்றி ஒரே வாழ்க்கைமுறையின் இரு கிளைகளாகவும் வளர்ந்தமைக்கு மனையே சாட்சி. 1983 முதல் 2009 வரை நிகழ்ந்த போர்க்காலத்தில் இவ்விரு சமூகத்தாரிடையே நேர்ந்த கசப்பை அறிந்தோர், இச்சாட்சியின் பெறுமதியையும் அறிவர்.

அழிவின் காரணங்கள்

பழைய மனைகள் அருகி வருதற்குக் காரணங்கள் பல. முதற்காரணம் மேற்கூறிய சீதன வழக்கமே. ஒவ்வொரு மகளுக்கும் ஒரு வீடு வேண்டும், வளவு துண்டாகின்றது, தாய்வீடு மூத்தவளுக்குச் செல்கின்றது, புதுமணமக்கள் புதுப்பாணி விரும்புகின்றனர், விறாந்தை அடைபட்டு அறையாகின்றது, அல்லது வீடே இடிபடுகின்றது. பெண்களுக்கு மனையுரிமை தந்த அந்நல்ல வழக்கமே பழைய மனைக்குக் கூற்றாயிற்று என்பது வியப்பிற்குரியது.

இரண்டாவது இயற்கை. 1978ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் நாள் வீசிய சூறாவளி மட்டக்களப்பு, அம்பாறைக் கரையோரத்தின் தென்னைகளையும் கூரைகளையும் வாரி எறிந்தது. 2004ஆம் ஆண்டு திசெம்பர் 26ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலையோ, இலங்கை மாவட்டங்களுள் அம்பாறையிலேயே மிகப்பல உயிர்களைக் கொண்டது. இறந்தோர் 10,000க்கு மேற்பட்டனர். மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது ஆகிய ஊர்களின் கடலோரத் தெருக்கள் தெருக்களாகவே மறைந்தன. அலைக்குப்பின் வடக்கிலும் கிழக்கிலும் கடலிலிருந்து 200 மீற்றருக்குள் மனை கட்டலாகாது என அரசு விதித்தது. பின்னர் அவ்விதி தளர்த்தப்பட்டதாயினும், அதற்குள் பலர் உள்நாடு பெயர்ந்துவிட்டனர். சுவரோடு உறுதிகளும், குடும்பப் படங்களும், அவற்றை விளக்கிக் கூறவல்ல முதியோரும் ஒருங்கே மறைந்தமை ஈடுசெய்ய இயலா இழப்பாகும்.

மூன்றாவது சட்டத்தின் எல்லை. 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட் சட்டம் 1815 மார்ச்சு 2ஆம் நாளுக்கு முற்பட்டவற்றையே தானாகத் தொல்பொருளாகக் கொள்கின்றது. அது கண்டி உடன்படிக்கை கைச்சாத்தான நாள். அதற்குப் பின் எழுந்த கட்டடம் காக்கப்பட வேண்டுமாயின் அரசு தனியே பிரகடனம் செய்தல் வேண்டும். ஆகவே மட்டக்களப்புக் கோட்டை எல்லைக்குள் நிற்கின்றது. நெல்லும் தென்னையும் எழுப்பிய கல்வீடுகளுள் பெரும்பாலானவை எல்லைக்கு வெளியே நிற்கின்றன. ஆண்டவரின் சின்னத்தைச் சட்டம் காக்கின்றது. ஆளப்பட்டவரின் மனையை ஒருவரும் காக்கவில்லை.

ஓர் ஐயமும் விடையும்

‘நம்மை அடக்கியாண்டோர் சின்னங்களை நாம் ஏன் காக்க வேண்டும்?’ என்று மாணவர் வினவலாம். வினா நேர்மையானது, அதனைத் தட்டிக்கழித்தலாகாது. திருக்கோணேச்சரத்தை இடித்த போர்த்துக்கேயர் அதன் கற்களைக் கொண்டே திருகோணமலைக் கோட்டையை எழுப்பினர். ஆயினும் அக்கோட்டை வாயிலிற் பதிந்த கல்லிலே மீன் சின்னமும் தமிழ்க் கல்வெட்டும் இன்றும் காணப்படுகின்றன. கோட்டையை வெறுத்து நாம் இடித்திருந்தால், கோயிலின் அச்சான்றையும் இழந்திருப்போம். சின்னத்தைக் காத்தல் ஆண்டவரைப் போற்றுதல் ஆகாது. நடந்தது இன்னதென்பதை மறவாதிருத்தலே ஆகும். யாழ்ப்பாணக் கோட்டையினுள் 1706இல் எழுந்த ஒல்லாந்தத் தேவாலயம் போரில் அழிந்தது; அதனால் ஒல்லாந்தர்க்கு நட்டமில்லை, யாழ்ப்பாணத்தார்க்கே நட்டம்.

காலிக்கோட்டையை நோக்குவோம். 1988இல் உலக மரபுரிமைப் பட்டியலில் அஃது இடம்பெற்றது. அதனுள்ளே ஒல்லாந்தத் தேவாலயமும், 1904இல் எழுந்த மீரான் பள்ளிவாசலும், சிங்களவரும் முசுலிம்களும் வாழ்ந்த வீடுகளும் ஒன்றாக நிற்கின்றன. அங்கு மதிலோடு வீடும் தெருவும் சேர்ந்தே மரபுரிமையாகக் கொள்ளப்பட்டன. கொழும்புப் புறக்கோட்டையில் ஒல்லாந்தர் மனையொன்று 1982 முதல் நூதனசாலையாக விளங்குகின்றது. ஆயினும் ஒரு பாடமும் உண்டு. காலிக்கோட்டை வீடுகளின் விலை ஏறியபோது, தலைமுறையாக அங்கு வாழ்ந்தோர் பலர் விற்றுவிட்டு வெளியேறினர். மனை நின்றது, மனையார் சென்றனர். நாம் வேண்டுவது அத்தகைய காவல் அன்று. கச்சேரி இயங்கியதால் மட்டக்களப்புக் கோட்டை நின்றாற்போல, மக்கள் வாழ்வதாலேயே மனை நிற்றல் வேண்டும்.

செய்யத்தக்கன

அரசு வந்து காக்கட்டும் என்று காத்திருத்தல் பயனின்று. பாடசாலைகள் செய்யத்தக்கன சில உள. ஒவ்வொரு பாடசாலையின் வரலாற்று மன்றமும் தன் ஊரில் எழுபத்தைந்து ஆண்டுக்கு மேற்பட்ட வீடுகளைக் கணக்கிடுக. உரிமையாளர் இசைவுடன் ஒவ்வொரு வீட்டையும் அளந்து, நிலவரைபடம் எழுதி, படம் பிடித்து வைக்க. கட்டியவர் யார், கொத்தர் எவ்வூரவர், மரம் எங்கிருந்து வந்தது, எந்த மகளுக்கு எப்போது சீதனமாயிற்று என்பவற்றை அவ்வீட்டு மூதாட்டியரிடம் கேட்டெழுதுக. வீட்டின் வரலாறு பெண்களிடமே உள்ளது. சீதன உறுதிகளைப் பிரதி செய்து ஒன்றை உரியவர்க்கும் மற்றொன்றைப் பாடசாலை நூலகத்துக்கும் கொடுக்க. இந்து மாணவர் முசுலிம் ஊரிலும், முசுலிம் மாணவர் இந்து ஊரிலும் இப்பணியைச் செய்வார்களாயின், அளவுநாடா தரும் அறிவினும் பெரியதோர் அறிவு அவர்க்குக் கிட்டும்.

இதற்குப் பெரும்பொருள் வேண்டியதில்லை. ஓர் அளவுநாடா, ஒரு குறிப்பேடு, கேட்கும் பொறுமை என்னும் மூன்றே போதும். இடிப்பதைத் தடுக்க நம்மால் இயலாது போகலாம். வளரும் குடும்பத்துக்கு இடம் வேண்டும் என்பதை யார் மறுப்பர்? ஆயின் இடியுமுன் எழுதிவைத்தல் நம் கையிலுள்ளது. 2004இல் கடல் நமக்கு ஒரு நாழிகையும் தரவில்லை. இப்போது நமக்கு நேரம் இருக்கின்றது. கல்முனைக் கரையில் இன்னும் நிற்கும் விறாந்தைகளை, அவற்றிலிருந்து நமக்குக் கதை கூற வல்லோர் உயிரோடிருக்கும்போதே சென்று காண்போமாக.